காளைக்குப் போட்ட ஓட்டு

கஜபதி தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் கட்சிக்குத் துரோகம் செய்தான். அந்த ஒரு தடவையையும் தப்பான காரணத்துக்காகச் செய்தான்.

கட்சி என்றால் அவனுக்கு உதயசூரியன்தான். திருமுல்லைவாயில் கிளைக்குப் படிப்பகம் போட்டபோது கீற்று வாங்கி வந்து கூரை வேய்ந்தவன் அவன். முப்பத்தெட்டு வயதில் அந்தக் கூரைக்குக் கீழேதான் 'அ' போடக் கற்றான். கிளைச் செயலாளர் வீராசாமி சைக்கிள் கடைக்காரன். பஞ்சர் ஒட்டின கையோடு வந்து இவன் விரலைப் பிடித்து எழுத வைத்தான். அதற்கு முன்னால் கஜபதி வெறும் கைநாட்டு. அந்தக் கைநாட்டால்தான் நிலமும் போயிற்று.

போன நிலம் எண்பது சென்ட். பட்டரவாக்கத்துப் பக்கம், நடுவில் ஒரு கிணறு. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வருகிறது என்று சர்க்கார் எடுத்துக்கொண்டது. தாலுகா ஆபீசில் ஒருத்தர் அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார். அழுத்தி முடித்ததும் "துடைச்சுக்கோ" என்று ஒரு பழந்துணியையும் நீட்டினார். அவ்வளவுதான் சடங்கு. மறு வருஷமே அந்த இடத்தில் தொண்டைமண்டலம் காஸ்டிங்ஸ் லிமிடெட் என்று ஒரு கம்பெனி எழும்பிவிட்டது. சரக்கு ரயில் பெட்டிகளுக்கு இரும்பில் பிரேக் கட்டை வார்க்கிற கம்பெனி. பெயர் நீளம் என்பதால் ஆட்கள் 'தொண்டை' என்றார்கள். கஜபதிக்கு அங்கேயே வேலை கிடைத்தது. கறுப்பு மணலை அச்சுப் பெட்டியில் கொட்டி இடித்து நிரப்புகிற மோல்டிங் வேலை. உலை நின்ற இடம் அவன் கிணறு இருந்த இடம். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை கொடுத்த மானேஜர் நல்ல வார்த்தை ஒன்றும் சொன்னார். நஷ்டஈட்டுப் பணத்தைக் குடித்துக் கரைக்காதே, கம்பெனியிலேயே பங்காகப் போடு, நிலம் போனாலும் பங்கு நிற்கும் என்றார். பங்கு ஒன்று பத்து ரூபாய், நூறு பங்கு. கஜபதிக்குத் தெரிந்த பங்கு ஒன்றே ஒன்றுதான், அண்ணன் தம்பிகள் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொள்கிற பங்கு. ஆகவே நிலம் அடியோடு போகவில்லை, முகம் தெரியாத சில பங்காளிகளோடு கூட்டாக இருக்கிறது என்று நம்பினான். அவன் மனைவி கெங்கம்மாள் நம்பவில்லை. அவன் நம்புவதில் பாதியை நம்பாமல் இருந்துதான் அவள் குடித்தனம் நடத்தி வந்தாள்.

"பங்கு பங்குன்றியே, எந்த மூலைய்யா நம்ம பங்கு? போயி ஒரு முருங்கைக் கொம்பு நட்டுட்டு வா, பாக்கலாம்" என்றாள்.

அதைப் பேச்சோடு விட்டுவிட்டு, பங்குப் பத்திரங்களை டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள்.

இதெல்லாம் அறுபத்து மூன்று, நாலில் நடந்தது. நிலம் போனதிலிருந்து மூன்று குடிசை மாறிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கெங்கம்மாள் அடுப்பை இடித்துக் கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். அறுபத்தேழு தைப் பொங்கல் முடிந்த கையோடு நாலாவது குடிசைக்காரரும் வந்து, மகனுக்குக் கல்யாணம், சித்திரைக்குள் காலி பண்ணிக்கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் அழவில்லை. வேம்புலியம்மாளிடம் போனாள்.

வேம்புலியம்மாள் கெங்கம்மாளோடு தெருக் கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவள், புருஷன் இல்லாதவள். ரயில் பாதைக்குத் தெற்கே அவளுக்கு அரை கிரவுண்டு இருந்தது. ஆயிரத்து இருநூறு கேட்டாள்.

"உனுக்காவ சித்திர கடைசி வரிக்கும் வச்சிகினு கீறேன்டி கெங்கா. அதுக்கு அப்பால என்னாண்ட வந்து நிக்காதே. எனுக்கும் பொண்ணு கீது."

அந்த அரை கிரவுண்டை கெங்கம்மாள் ஆசைக்குக் கேட்கவில்லை. இனி ஒருத்தன் வந்து எழுந்திரு என்று சொல்ல முடியாத ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். நூறு பங்கையும் விற்றால் வாங்கலாம். ஆனால் பங்கு பன்னிரண்டுக்குப் போக வேண்டும். அன்றைக்கு விலை ஒன்பது.

விலை சொல்லுகிறவர் ரகுநாதன். பீச் பக்கம் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீசில் குமாஸ்தா. காலையில் அவரும் கஜபதியும் திருமுல்லைவாயிலில் ஒரே ரயில் ஏறுவார்கள். அவர் சென்ட்ரல் வரை போவார். இவன் அடுத்த ஸ்டேஷனான அம்பத்தூரில் இறங்கிவிடுவான். இருவருக்கும் பழக்கமெல்லாம் அந்தச் சில நிமிஷங்களுக்குள்தான். கஜபதியின் பொருளாதாரப் படிப்பு முழுவதும் அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தில் முடிந்தது. அதுதான் வினையாயிற்று.

"ஒன்பதுதாம்ப்பா. எலக்ஷன் முடியற வரைக்கும் அசையாது" என்றார் ரகுநாதன் அன்று. "யார் வரப்போறான்னு தெரியாம எவனும் பணத்தை வெளியே எடுக்க மாட்டான்."

"எலக்சனுக்கும் நம்ம பங்குக்கும் இன்னா சார் கீது?"

"நல்லாக் கேட்டே போ. உங்க பிரேக் கட்டையை யாரு வாங்கறா? ரயில்வே. ரயில்வே யார் கையில? சர்க்கார் கையில. ஆளறவன் நெனைச்சா ஆர்டர் உண்டு, நெனைக்கலேன்னா இல்லை. எல்லா விலையும் அங்கதாம்ப்பா இருக்கு."

கஜபதிக்கு இது புதுசு. ரயில் அம்பத்தூரில் நிற்கப் போயிற்று. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கதவருகே போனவன் திரும்பிக் கேட்டான்.

"அப்போ எப்ப சார் ஏறும்?"

"காளை வரணும்ப்பா. காளை ஜெயிச்சா பன்னெண்டு என்ன, பதினஞ்சுகூடப் போகும். கரடி கை ஓங்கிச்சுன்னா ஆறுக்கு வந்து நிக்கும்."

ரகுநாதன் தன் தொழில் பாஷையில் சொன்னார். விலை ஏறும் என்று வாங்கிக் குவிக்கிறவனுக்கு அங்கே காளை என்று பெயர். இறங்கும் என்று விற்றுத் தள்ளுகிறவனுக்குக் கரடி. மனுஷன் அதையும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லுவதற்குள் கஜபதி பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டான், ரயிலும் கிளம்பிவிட்டது.

அந்த மாதம் ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் காளை இருந்தது. நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, ஆளுங்கட்சியின் சின்னம். அந்த மாதம் காளை என்று ஒருத்தர் சொன்னால், நாடு முழுக்க எவனுக்கும் வேறு காளை ஞாபகம் வந்திருக்காது. கஜபதியை நான் குறை சொல்ல மாட்டேன். கரடிக்குத்தான் அவன் கொஞ்சம் யோசித்தான். கரடி சின்னத்தில் யாரும் நிற்கவில்லையே? தொழிற்பேட்டைக்குப் பாதித் தூரம் நடந்த பிறகு புரிந்தது. நம் கொடியில் பாதி கறுப்பு, நம் ஆட்களும் கறுப்பு. சார் நம்மைத்தான் கரடி என்கிறார். மனசு சுருக்கென்றது. இருந்தாலும் படித்தவர், விவரம் தெரிந்தவர், விழுங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. பகலில் வீராசாமியோடு சூரியனுக்காகத் தெருத் தெருவாக நடந்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீராசாமி மேலே ஏறி மஞ்சளும் சிவப்புமாகக் கதிர் வரைந்தான். வரைகிற ஒவ்வொரு கதிருக்கும் பங்கு ஒரு காலணா இறங்குகிற மாதிரி கஜபதிக்குத் தோன்றியது. படிப்பகத்தில் கட்சிப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளே இன்னொரு பத்திரிகையின் மார்க்கெட் நிலவரத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். படிக்கக் கற்றுக்கொடுத்த இடத்திலேயே இந்தத் திருட்டுத்தனம். அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

கடைசியில் கெங்கம்மாளிடம் சொன்னான்.

"இன்னாய்யா சொல்றே? மாட்டுக்கா போடப் போறே?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் குடிசையில் ஆள் இருந்தது.

"சார் சொன்னாரு. காளை ஜெயிச்சாதான் ஏறும்னு."

"வீராசாமி அண்ணாத்தேக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. பொட்டிக்குள்ள போடறது யாருக்குத் தெரியும்?"

ரூபாய்க்கு ஒரு படி அரிசி தருவோம் என்று கட்சி சொல்லியிருந்தது. அவள் அதை நம்பியிருந்தாள். அவன் நம்பினதில் அவளும் முழுசாக நம்பின விஷயம் அது.

"நான் சூரியனுக்குத்தான் போடுவேன். எனுக்கு அரிசி வோணும்" என்றாள். அப்புறம் குரல் தாழ்ந்து, "எனுக்கு ஒரு எடமும் வோணும்யா. நீ இன்னா செய்வியோ செய்யி. என்னைக் கேக்காதே."

மாசியில் ஓட்டு. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் அவன் கையில் இரண்டு சீட்டுக் கொடுத்தார்கள். ஒன்று சென்னைக் கோட்டைக்கு, ஒன்று டெல்லிக்கு. மறைப்புக்குப் பின்னால் போய் நின்றான். பங்கை ஏற்றுகிற காளை சென்னைக் காளையா, டெல்லிக் காளையா? ரகுநாதன் சார் அதைச் சொல்லவில்லையே. சீட்டில் சூரியன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'அ' எழுதின விரலால் முத்திரையைப் பிடித்து, இரண்டு சீட்டிலும் காளை மேலேயே குத்தினான். மடித்துப் பெட்டியில் போட்டான். வெளியே வந்தால் வாசலில் வீராசாமி.

"குத்திட்டியா மாமே?"

"குத்திட்டேன்."

பொய் இல்லை. ஆனாலும் அவன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

நாலைந்து நாளில் முடிவு வந்தது. சூரியன் ஜெயித்தது, சும்மா ஜெயிக்கவில்லை, மாகாணம் முழுக்க அடித்துத் தூக்கிவிட்டது. திருமுல்லைவாயில் தெருவெல்லாம் வெடிச் சத்தம். வீராசாமி கடையைப் பூட்டிவிட்டு, சர்க்கரையை முறத்தில் கொட்டி எல்லோர் வாயிலும் அள்ளிப் போட்டான். படிப்பகத்துக்குக் கூரை போட்டவன் என்று கஜபதியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கழுத்தில் மாலை. கையில் கொடி. அவன் அந்த உயரத்தில் உட்கார்ந்துகொண்டு விக்கி விக்கி அழுதான். வெட்கம் ஒரு பக்கம், போன அரை கிரவுண்டு ஒரு பக்கம், நம் கட்சி வந்துவிட்டதே என்ற சந்தோஷமும் ஒரு பக்கம்.

"அழுவாத நைனா! நம்ம ஆட்சி வந்துடுச்சி!" என்று கீழே இருந்து வீராசாமி கத்தினான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

மறுநாள் காலை கெங்கம்மாள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பத்திரங்களோடு கஜபதி ரயிலேறினான். விலை இன்னும் இறங்குவதற்குள் விற்றுவிடுங்கள் சார் என்று ரகுநாதனிடம் நீட்டினான்.

"எதுக்கு இந்த அவசரம்?"

"காளைதான் தோத்துப் போச்சே சார். கரடி வந்துடுச்சே. நானும் போட்டேன் சார். கட்சிக்காரன் நானே காளைக்குப் போட்டேன். அப்பவும் தோத்துப் போச்சு."

ரகுநாதனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கினதும் சிரித்தார். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அப்புறம்தான் காளை யார், கரடி யார் என்பதை விரல் விட்டுச் சொன்னார். கஜபதி கேட்டுக்கொண்டு நின்றான். சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் 'அ'விலிருந்து தொடங்க வேண்டுமா என்ற அலுப்புதான் வந்தது.

அவன் முகத்தைப் பார்த்து ரகுநாதன் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இப்ப விலை ஏழு. இந்த விலைக்கு விக்காதே. மெட்ராஸ்ல யார் வந்தா என்னப்பா? ரயில்வே டெல்லியோடது. டெல்லியில கொஞ்சம் இளைச்சாலும் பழைய ஆளுங்கதான். அதே சர்க்கார், அதே ரயில்வே. ஆர்டர் கட்டாயம் வரும். பங்குனிக்குள்ள பன்னெண்டு. எழுதி வெச்சுக்கோ. நானே என் சேமிப்பை உங்க கம்பெனியிலதான் போட்டிருக்கேன்."

இந்தத் தடவை கஜபதி அம்பத்தூரில் இறங்காமல், முழுசாகக் கேட்டுவிட்டே இறங்குவது என்று கொரட்டூர் வரை போனான். அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். போகட்டும், விவரமாவது தெரிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

பங்குனி வந்தது. ஆர்டர் வரவில்லை. மழை பொய்த்து நாட்டில் பணமில்லை, புது ரயில் பெட்டிகள் இந்த வருஷம் வேண்டாம் என்று டெல்லியில் முடிவு செய்துவிட்டார்கள். அதே பழைய ஆளுங்கட்சி. அவன் இரண்டு ஓட்டில் ஒன்றைப் போட்டு அனுப்பின அதே காளை. சென்னையில் அவன் போட்ட காளை தோற்றது, விலை இறங்கிற்று. டெல்லியில் அவன் போட்ட காளை ஜெயித்தது, அப்போதும் இறங்கிற்று. ஏழு ஆறாயிற்று, ஆறு நாலாயிற்று. வாங்க ஆளில்லை. 'தொண்டை'யில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள்.

"எனக்கே தெரியலைப்பா" என்றார் ரகுநாதன் ஒரு நாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எந்தக் கட்சி வந்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் சொல்றேன். என் பணமே போயிடுத்து." அதற்கப்புறம் அவர் அந்த ரயிலில் வரவில்லை. முந்தின வண்டிக்கே போய்விடுகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

சித்திரை கடைசியில் வேம்புலியம்மாள் அரை கிரவுண்டை ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். சொன்ன சொல்லுக்குக் கடைசி நாள் சாயங்காலம் வரை காத்திருந்துதான் கொடுத்தாள். அவளைத் திட்டவும் வழியில்லை. கெங்கம்மாள் அடுப்பை இடித்தாள். எங்கே போவது என்று நின்றபோது வீராசாமி வந்து சட்டியையும் பானையையும் தன் கைவண்டியில் ஏற்றினான்.

"படிப்பகத்துக்குப் பின்னால சாய்ப்பு காலியாத்தான் கீது. கட்சிக்காரனுக்கு இல்லாத எடமா? நம்ம ஆட்சியில நீ தெருவுல நிப்பியா நைனா?"

கஜபதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தான் கூரை வேய்ந்த படிப்பகத்தின் முதுகில் சாய்ந்திருந்த அந்தச் சாய்ப்பில் படுத்துக்கொண்டு, வெளிப்பக்கம் சூரியன் வரைந்திருந்த சுவரின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தான். சொன்னால் இந்தச் சாய்ப்பும் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டான். ஏழைக்கு மனசாட்சியைக்கூடக் காலி பண்ணாமல் வைத்திருக்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

ஆவணியில் ஒரு கவர் வந்தது. உள்ளே இங்கிலீஷில் தட்டச்சு அடித்த இரண்டு தாள். அவனுக்குத் தமிழ்தான் எழுத்துக் கூட்டத் தெரியும். கம்பெனி டைம் ஆபீஸில் ஜேம்ஸ் என்ற கிளார்க்கிடம் காட்டினான். ஜேம்ஸ் முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவது தாளையும் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மானேஜர் உட்கார்ந்திருந்தார்.

"பங்குதாரருங்க மீட்டிங்" என்றார் ஜேம்ஸ், தாளை மடித்துக் கொடுத்துக்கொண்டே. "வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணி. கேன்டீன் ஷெட்ல. உனக்கும் ஓட்டு இருக்கு."

"எனுக்கா? எதுக்கு ஓட்டு?"

"போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜேம்ஸ் வருகைப் பதிவேட்டைப் பிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கெங்கம்மாள் அவன் வலது கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். மோல்டிங் மணல் நகக் கண்ணில் மூன்று வருஷமாகக் குடியிருந்தது. "மொதலாளிங்களோட உக்காரப் போற. கையைப் பாத்து இன்னா நெனப்பாங்க" என்றாள். அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்திருந்தது. ஓட்டு இருக்கிறதாமே, விலையை ஏற்றச் சொல்லி நாலு வார்த்தை கேட்கலாமே. வீராசாமி தன் வெள்ளைச் சட்டையைக் கடன் கொடுத்தான்.

கேட்டில் சின்னப்பையன் என்ற வாட்ச்மேன் எழுந்து நின்று, "மொதலாளி வராருபா!" என்று சலாம் போட்டான். இருவரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் உலை ஆறிக் கிடந்தது. போகிற போக்கில் கஜபதி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

கேன்டீனில் முப்பது பேர் இருப்பார்கள். கோட்டும் ஜரிகை அங்கவஸ்திரமும். காபி கொடுத்தார்கள், தினம் அவன் டீ குடிக்கும் கிளாஸ் இல்லை, கப் அண்ட் சாஸர். மேடையில் ஒருவர் எழுந்து இங்கிலீஷில் வெகுநேரம் படித்தார். ரயில்வே என்றது காதில் விழுந்தது. பவுண்டரி என்றது விழுந்தது. ஷேர் என்று நாலு தடவை விழுந்தது. பக்கத்தில் பொடி போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் மெல்லக் கேட்டான்.

"சார், இன்னா சொல்றாங்க?"

"ஷேர் விலை ஏறறதுக்கு வழி பண்றா" என்றார் அவர். அதிலும் பொய் இல்லை.

கஜபதிக்கு உடம்பு நிமிர்ந்தது. மேடைக்காரர் படித்து முடித்து, சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று ஜாடை காட்டினார். கைகள் எழுந்தன. கட்சிக் கூட்டத்தில் எத்தனையோ தீர்மானத்துக்குத் தூக்கிப் பழகின கை. இந்தத் தடவை மறைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நன்றாக உயர்த்திப் பிடித்தான். எண்ணிக்கொண்டு வந்த மானேஜர் அவன் முன்னால் வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டு போனார்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது வாசலில் ரகுநாதன். ஒளிய இடமில்லை அவருக்கு.

"நீ ஏம்ப்பா கையைத் தூக்கினே?" என்றார்.

"வெல ஏறும்னாங்க சார்."

"ஏறும்ப்பா, ஏறும். ரயில்வே ஆர்டர் இல்லைன்னு இரும்பு வார்க்கற பவுண்டரியை மூடறா. உலையிலேருந்து பின் சுவர் வரைக்கும் இடத்தை விக்கறா. ஆளெல்லாம் அடுத்த மாசத்தோட சரி. நஷ்டம் போயிடும், கையில ரொக்கம் வரும். மார்க்கெட்டுக்கு அதான் வேணும். நாளைக்கே நாலு ஆறாகும்."

"உலையாண்டயா சார்? கெணத்து எடமா?"

"எந்தக் கிணறு?"

கஜபதி உலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது.

"உன் ஒரு கை இல்லேன்னாலும் இது நடந்திருக்கும்ப்பா. மனசை விட்டுடாதே" என்றார் ரகுநாதன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"ஆறு வந்தா... அதுக்குப் பேரு காளையா சார்?"

ரகுநாதன் செருப்பைப் பார்த்தார். "ஆமாம்ப்பா. காளைதான்."

ரயிலுக்குக் காத்திருக்காமல் பாதை ஓரமாகவே நடந்து வந்தான். வேம்புலியம்மாளின் அரை கிரவுண்டில் திருநெல்வேலிக்காரர் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார். சாய்ப்பு வாசலில் கெங்கம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மீட்டிங்ல இன்னாய்யா ஆச்சி? ஓட்டுப் போட்டியா?"

"போட்டேன். நெலத்தை வித்துட்டேன் கெங்கா. வேலையும் போச்சு."

"இன்னா ஒளர்றே? நெலம் போயி நாலு வருசமாச்சே."

"அது கைநாட்டு வச்சி. இது கையைத் தூக்கி."

அவன் திக்கித் திக்கி முழுவதையும் சொன்னான். அவள் கேட்டு முடித்தாள். அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காலையில் அவள் தேய்த்தது தேய்த்தபடி, சுத்தமாகத்தான் இருந்தது.